மெசேஜுக்கு என்ன விலை? கைக்குப் போய்ச் சேர்ந்த மெசேஜுக்கு என்ன விலை? – கடைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலி டவுனில் நகைச் சீட்டு நடத்தும் ஒரு கடைக்கு மாதாமாதம் தவணை நினைவூட்டல் மெசேஜ் (எஸ்.எம்.எஸ்.) அனுப்பிக் கொடுக்கிறேன். எந்த மெசேஜ் சேர்ந்தது, எது சேரவில்லை என்று காட்டும் டெலிவரி ரிப்போர்ட்டை முதல் முறை கேட்டு வாங்கி உட்கார்ந்தபோது கடை அண்ணாச்சி சொன்னார்: "ஒரு மெசேஜுக்கு இருவது பைசா. இதுல என்னடே கணக்கு பாக்க?"

அந்த இருபது பைசா ரேட் கார்டில் இருக்கும் விலை. அவர் உண்மையில் கொடுத்துக்கொண்டிருந்தது அதைப் போல நான்கு மடங்கு. ரேட் கார்டையும் டெலிவரி ரிப்போர்ட்டையும் தனித்தனியாகப் பார்த்தால் இது தெரியாது. இரண்டையும் வரிக்கு வரி ஒன்றாக வைத்தால்தான் தெரியும். அதை எப்படிச் செய்வது என்பதை, எக்செல் ஓரளவு தெரிந்த யாரும் செய்யும்படி கீழே எழுதியிருக்கிறேன். தொகைகள் எல்லாம் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: முழு ரிப்போர்ட்டை வாங்குங்கள்

மொத்தமாக மெசேஜ் அனுப்பித் தரும் நிறுவனத்தின் முகப்புப் பக்கத்தில் வட்டப் படம் போட்டு "92 சதவீதம் டெலிவர்ட்" என்று காட்டுவார்கள். அது போதாது. ஒரு மெசேஜுக்கு ஒரு வரி வீதம் இருக்கும் முழு ரிப்போர்ட் வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: மெசேஜ் ஐடி, போன் எண், ஹெடர் (அனுப்பியவர் பெயராகப் போனில் தெரிவது), டெம்ப்ளேட் ஐடி (முன்கூட்டியே பதிந்த மெசேஜ் வாசகத்தின் எண்), அனுப்பிய நேரம், முடிந்த நேரம், நிலை, பிழை எண், எத்தனை துண்டு (விளக்கம் படி 2-ல்), எவ்வளவு காசு பிடித்தார்கள். கடைசி இரண்டும் பல ரிப்போர்ட்டில் இருக்காது. கேட்டால் கொடுப்பார்கள். கொடுக்க மறுத்தால், அடுத்த ரீசார்ஜுக்கு முன் வேறு நிறுவனம் பார்ப்பது நல்லது.

ஃபைலை நேரே இரண்டு முறை தட்டி எக்செலில் திறக்காதீர்கள். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும். டெம்ப்ளேட் ஐடி 19 இலக்கம். நேரே திறந்தால் கடைசி நான்கு இலக்கமும் பூஜ்ஜியமாகிவிடும், அப்படியே சேமித்தால் பழைய எண் திரும்பக் கிடைக்காது. டேட்டா பகுதியில் போய் இறக்குமதி செய்து, ஐடி, போன் எண் பத்திகளை "டெக்ஸ்ட்" என்று குறித்துவிடுங்கள்.

தேதியையும் ஒரு முறை பாருங்கள். ஜூலை 5-ஆம் தேதி அனுப்பியது மே 7 என்று மாறிக் காட்டலாம். சில ரிப்போர்ட்களில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். காலை 10 மணிக்கு அனுப்பியது 4.30 என்று இருந்தால், ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

படி 2: துண்டுகளை எண்ணுங்கள்

காசு அதிகம் கசிவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எஸ்.எம்.எஸ். ஒன்றுக்கு உள்ள இடம் 140 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும் என்பதால் அதில் 160 எழுத்து அடங்கும். தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 2 பைட் வேண்டும், எனவே 70 குறிதான். மெசேஜ் அதைத் தாண்டினால் துண்டுகளாகப் பிரிந்து போகும். துண்டுகளைச் சேர்த்துக் காட்டுவதற்கான தகவலுக்கு ஒவ்வொன்றிலும் 6 பைட் போய்விடுவதால், துண்டுக்கு ஆங்கிலத்தில் 153, தமிழில் 67 என்று குறைந்துவிடும். வாடிக்கையாளர் போனில் ஒரே மெசேஜாகத்தான் தெரியும். உங்கள் பில்லில் இரண்டு, மூன்று என்று ஏறும்.

"குறி" என்று சொல்கிறேன், எழுத்து என்று சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. நமக்கு "க்" ஓரெழுத்து. போனுக்கு க, அதன் மேல் புள்ளி என இரண்டு. "லி" இரண்டு, "வே" இரண்டு. திருநெல்வேலி நமக்கு ஆறெழுத்து, போனுக்கு 12 குறி. பாளையங்கோட்டை ஏழெழுத்து, 13 குறி. ஆக, கண்ணால் எண்ணிப் பார்த்து எழுதிய எந்தத் தமிழ் மெசேஜும் நினைத்ததைவிட நீளமாகத்தான் இருக்கும்.

கையால் எண்ண வேண்டாம். எக்செலின் லென் (LEN) ஃபார்முலா தமிழுக்கு இதே முறையில்தான் எண்ணுகிறது. மெசேஜை ஒரு கட்டத்தில் ஒட்டி லென் போடுங்கள். 70 வரை ஒரு துண்டு. தாண்டினால் 67-ஆல் வகுத்து, மீதி வந்தால் அடுத்த முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி கடையின் பழைய மெசேஜ் இப்படி இருந்தது:

"வணக்கம். தங்கள் நகைச் சீட்டின் ஆடி மாதத் தவணை ரூ.2000 வரும் 10ஆம் தேதிக்குள் செலுத்தும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். நன்றி."

இது 126 குறி. கடைசியில் கடைப் பெயர், இடைவெளியோடு 15 குறி. மொத்தம் 141. இரண்டு துண்டின் எல்லை 134. வெறும் 7 குறிக்காக மூன்றாவது துண்டுக்குக் காசு. 4,000 உறுப்பினர், மாதாமாதம்.

அதை இப்படி மாற்றினோம்:

"நகைச் சீட்டு: ஆடித் தவணை ரூ.2000. கடைசி நாள் 10."

48 குறி. கடைப் பெயரோடு 63. ஒரே துண்டு. வணக்கமும் நன்றியும் போனதில் அண்ணாச்சிக்கு மனமில்லை. எனக்கும் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது. ஆனால் தொகையும் தேதியும் திறந்தவுடன் கண்ணில் படுவது படிப்பவருக்கு நாம் செய்கிற மரியாதைதான் என்று சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

இதோடு முடியவில்லை. மாதமும் தொகையும் ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் மாறும். எல்லா மாதத்துக்கும் எண்ணிப் பாருங்கள். புரட்டாசியில் 10,000 ரூபாய்ச் சீட்டு போட்டவருக்குச் சரியாக 70-ல் வந்து நிற்கும். கார்த்திகையில் அதே ஆளுக்கு 71, இரண்டு துண்டு. கடைசியில் இருந்த முற்றுப்புள்ளியை எடுத்தோம், சரியாயிற்று. டெம்ப்ளேட்டைப் பதிவு செய்வதற்கு முன்னாலேயே மிக நீளமான மாதப் பெயரையும் மிகப் பெரிய தொகையையும் போட்டு எண்ணிவிடுங்கள். பதிவு ஆன பிறகு ஒரு புள்ளியை எடுப்பதற்கும் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும்.

ஆங்கிலத்தில் அனுப்புபவர்கள் ரூபாய்க் குறியீட்டைக் கவனியுங்கள். அந்த ஒரு குறி 7 பிட் பட்டியலில் இல்லை. ஒரே ஒரு இடத்தில் வந்தாலும் முழு மெசேஜும் 70 குறி கணக்குக்கு மாறிவிடும். வேர்டில் எழுதி ஒட்டும்போது வரும் வளைந்த மேற்கோள் குறியும் அப்படித்தான்.

தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பினால் 160 கிடைக்குமே என்று கேட்பார்கள். நான் செய்வதில்லை. எங்கள் சீட்டில் பாதிக்கு மேல் பெண்கள், அதிலும் நிறையப் பேர் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள். படிக்க முடியாத மெசேஜ் எவ்வளவு மலிவாகப் போனாலும் நஷ்டம்தான்.

படி 3: பில்லோடு பொருத்துங்கள்

ரிப்போர்ட்டில் ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் எண்ணிய துண்டையும் அவர்கள் பிடித்த துண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் வையுங்கள். வித்தியாசம் உள்ள வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். பிறகு மொத்தத் துண்டை ரேட்டால் பெருக்கி, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து, பில்லோடு ஒப்பிடுங்கள். சிலர் ரேட்டை ஜி.எஸ்.டி. இல்லாமல் சொல்வார்கள், சிலர் டி.எல்.டி. (மெசேஜ் வாசகங்களைப் பதியும் பதிவேடு) கட்டணத்தைத் தனியாகப் போடுவார்கள். எது எதில் அடங்கியது என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: சேராத மெசேஜுக்குக் காசு உண்டா? எஸ்.எம்.எஸ்.-ல் பொதுவாக அனுப்பியதற்குத்தான் காசு, சேர்ந்ததற்கு இல்லை. தொலைத்தொடர்பு நிறுவனம் வாசலிலேயே நிராகரித்ததற்கும் காசு பிடிப்பார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும்.

வெளிநாட்டு எண்களையும் தேடிப் பாருங்கள். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வளைகுடா நாட்டில் ஆள் இல்லாத தெரு குறைவு. சீட்டில் சேரும்போது கணவரின் அந்த ஊர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்த ஒரு மெசேஜின் ரேட் உள்ளூர் ரேட்டைவிடப் பல மடங்கு.

படி 4: சேராததை காரணம் வாரியாகப் பிரியுங்கள்

ரிப்போர்ட்டில் வரும் நிலைகள் பெரும்பாலும் இவைதான். டெலிவர்ட் என்றால் போன் வாங்கிக்கொண்டது. எக்ஸ்பயர்டு என்றால், மறுபடி மறுபடி முயன்றும் குறித்த காலத்துக்குள் போன் கிடைக்கவில்லை. அன்டெலிவர்ட் என்றால் சேர்க்க முடியாது என்றே பதில் வந்துவிட்டது. ரிஜெக்டட் என்றால் வழியிலேயே தடுக்கப்பட்டது. சப்மிட்டட், அக்செப்டட் இரண்டும் "வாங்கிக்கொண்டோம்" என்பது மட்டும்தான். அதை டெலிவர்ட் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

பக்கத்தில் வரும் பிழை எண்தான் உண்மையான காரணத்தைச் சொல்லும். எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அவர்களிடமே பட்டியல் வாங்குங்கள். 4,000 அனுப்பியதில் 3,400 சேர்ந்தது, 600 சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த 600-ஐப் பிரித்தால் இப்படி வரலாம்: எண்ணே இல்லை 240, போன் அணைந்தோ சிக்னல் இல்லாமலோ காலாவதி ஆனது 190, டெம்ப்ளேட் பொருந்தாமல் நிராகரிப்பு 130, போனில் இடமில்லை 20, காரணம் தெரியாதது 20.

ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எண் இல்லாதவற்றை உடனே பட்டியலிலிருந்து எடுங்கள். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நிறுத்திய எண்ணைக் குறைந்தது 90 நாளைக்கு வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது விதி. அதற்குப் பிறகு புது ஆளிடம் போகலாம். இன்று "எண் இல்லை" என்று வந்தது, சில மாதம் கழித்து "டெலிவர்ட்" என்று வரும். உங்கள் உறுப்பினரின் சீட்டு விவரம் முன்பின் தெரியாத ஒருவர் கையில் இருக்கும். அதனால் செத்த எண் உயிர்பெற்றால் சந்தோஷப்படாமல் விசாரியுங்கள்.

காலாவதி ஆனதை ஒரு மாதம் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மூன்று மாதம் தொடர்ந்து காலாவதி என்றால் எடுக்கலாம். ஊரே இருண்ட நாட்களைக் கணக்கிலிருந்து தனியே வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கரை புரண்டு, மின்சாரமும் டவரும் போன நாட்களில் அனுப்பிய மெசேஜ்களை வைத்து யாருடைய எண்ணையும் நீக்கியிருந்தால் அது பெரிய தவறாகியிருக்கும்.

போனில் இடமில்லாததும் காரணம் தெரியாததும் மறுபடி அனுப்பினால் பெரும்பாலும் போய்விடும்.

டெம்ப்ளேட் நிராகரிப்பு முழுக்க நம் தவறு, முழுக்கத் திருத்தக்கூடியது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-ல் கொண்டுவந்த ஒழுங்குமுறையின்படி, ஹெடரையும் மெசேஜ் வாசகத்தையும் டி.எல்.டி. பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். ஒவ்வொரு மெசேஜும் பதிந்த வாசகத்தோடு ஒப்பிடப்படும். 2024 அக்டோபர் 1 முதல் மெசேஜில் வரும் இணைப்பும் முன்பதிவு ஆகியிருக்க வேண்டும். 2024 டிசம்பர் 11 முதல் கடையிலிருந்து தொலைத்தொடர்பு நிறுவனம் வரை நடுவில் இருக்கும் ஒவ்வொருவரும் பதிவில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிராகரிப்பு.

தமிழில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. "கொ" என்பதை இரண்டு விதமாகக் கணினியில் எழுதலாம். க-வோடு ஒரே ஒகரக் குறியைச் சேர்க்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு, குறி எண்ணிக்கையும் 2, 3 என்று மாறும். கடையில் ஒருவர் ஒரு தட்டச்சு முறையிலும், டெம்ப்ளேட் பதிந்தவர் வேறு முறையிலும் அடித்திருந்தால் "வாசகம் அப்படியே இருக்கிறதே, ஏன் ரிஜெக்ட்?" என்று மண்டையை உடைத்துக்கொள்ள நேரும். நான் ஒரு முழு மதியத்தை இதில் தொலைத்திருக்கிறேன். இரண்டு வாசகத்துக்கும் லென் போட்டுப் பாருங்கள். எண் மாறினால் காரணம் இதுதான், அல்லது வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டும்போது கூடவே வந்த கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. பதிவேட்டில் இருக்கும் வாசகத்தையே நகலெடுத்துப் பயன்படுத்துங்கள், புதிதாக அடிக்காதீர்கள்.

படி 5: சேர்ந்ததன் விலையைக் கணக்கிடுங்கள்

இனி அண்ணாச்சிக்குக் காட்டிய கணக்கு. முன்பு: 4,000 பேர், 3 துண்டு, துண்டுக்கு 20 பைசா, எல்லாவற்றுக்கும் காசு பிடித்தார்கள் என்றால் 2,400 ரூபாய். ஜி.எஸ்.டி.யோடு 2,832. சேர்ந்தது 3,400. சேர்ந்த மெசேஜ் ஒன்றின் விலை 83 பைசா.

பின்பு: எண் இல்லாத 240, மூன்று மாதமும் அணைந்தே கிடந்த 160 ஆகிய 400-ஐ எடுத்தாயிற்று. 3,600 பேர், ஒரே துண்டு, 720 ரூபாய். ஜி.எஸ்.டி.யோடு 849 ரூபாய் 60 பைசா. டெம்ப்ளேட் சரியானதால் சேர்ந்தது 3,520. சேர்ந்த மெசேஜ் ஒன்றின் விலை 24 பைசா.

ரேட் கார்டில் ஒரு பைசாகூட மாறவில்லை. காகிதத்தைப் பார்த்த அண்ணாச்சி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ரேட் பேரத்துக்கு இந்தக் கணக்கோடு போனால் பேச்சே வேறாக இருக்கும். 20 பைசாவுக்கு 95 சதவீதம் சேர்ப்பவரும், 17 பைசாவுக்கு 78 சதவீதம் சேர்ப்பவரும் வந்தால், முதல்வரிடம் சேர்ந்த ஒன்று 21 பைசா, இரண்டாமவரிடம் கிட்டத்தட்ட 22. ஒரே பட்டியலை இரண்டாகக் கலைத்துப் போட்டு, பாதிப் பாதி அனுப்பித்தான் இந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டும். போன மாத நல்ல பட்டியலையும் இந்த மாதப் பழைய பட்டியலையும் ஒப்பிட்டால் யாருக்கும் நியாயம் இல்லை.

படி 6: "டெலிவர்ட்" என்பதைச் சோதியுங்கள்

முன்பு ஒரு நிறுவனத்திடம் வாங்கியபோது ரிப்போர்ட் அருமையாக இருந்தது, எல்லாம் டெலிவர்ட். சீட்டுக்காரர்கள் "மெசேஜே வரல" என்றார்கள். அதிலிருந்து ஒவ்வொரு முறையும் பட்டியலில் எங்கள் சொந்த எண்கள் ஐந்தாறைச் சேர்த்துவிடுகிறேன். ஜியோ, ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். நான்கும் இருக்க வேண்டும். ஒன்று டவுனில், ஒன்று வள்ளியூரில், ஒன்று களக்காட்டு மலையடிவாரத்தில் என்று தெரிந்தவர்கள் கையில் இருக்கட்டும். அந்தப் போனில் வந்ததா, எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டு ரிப்போர்ட்டோடு பொருத்துங்கள். அந்த நிறுவனத்தில் ஐந்தில் இரண்டு எண்ணுக்கு வரவே இல்லை, ரிப்போர்ட்டில் மட்டும் வந்திருந்தது. ஸ்கிரீன்ஷாட்டோடு கேட்டோம், பதில் சரியில்லை, விலகினோம்.

எண்ணின் முதல் நான்கு இலக்கத்தை வைத்து இது இன்ன நிறுவனம் என்று பிரிக்காதீர்கள். 2011 முதல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ள வசதி வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் நிறுவனப் பத்தி இருந்தால் அதை நம்புங்கள்.

அனுப்பிய நேரத்துக்கும் முடிந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியையும் ஒரு பத்தியாகப் போடுங்கள். தவணை நினைவூட்டல் இரண்டு மணி நேரம் தாமதமானால் குடி முழுகாது. ஓ.டி.பி. இரண்டு நிமிடம் தாமதமானாலே வீண். சராசரி எடுத்தால் நாலைந்து அணைந்த போன்கள் கணக்கைக் கெடுத்துவிடும். வரிசைப்படுத்தி நடுவில் இருக்கும் எண்ணை எடுங்கள்.

படி 7: சேவையையும் விளம்பரத்தையும் கலக்காதீர்கள்

ஆடித் தள்ளுபடி அறிவிப்பு விளம்பரம். தவணை நினைவூட்டல் சேவை. விளம்பரம் தொந்தரவு வேண்டாம் என்று 1909 என்ற எண் மூலம் பதிந்தவர்களுக்குப் போகாது, இரவிலும் போகாது. டிராய் விதிகளின் 2025 திருத்தத்துக்குப் பிறகு ஹெடரின் கடைசியில் பி, எஸ், டி, ஜி என்று விளம்பரம், சேவை, பரிவர்த்தனை, அரசு எது என்பதும் தெரிந்துவிடும். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் விளம்பரத்தின் குறைந்த டெலிவரி, சேவையின் சதவீதத்தை இழுத்துவிடும். நினைவூட்டலின் வாலில் தள்ளுபடியை ஒட்டி அனுப்பும் பழக்கம் விதிமீறல், ஹெடரே முடங்கலாம்.

வாட்ஸ்அப் கணக்கு வேறு. 2025 ஜூலை 1 முதல் அங்கே டெம்ப்ளேட் மெசேஜ் ஒன்றுக்கு இவ்வளவு என்ற முறை. போய்ச் சேர்ந்தால்தான் காசு, துண்டுக் கணக்கும் இல்லை. நீளமான தமிழ் மெசேஜுக்கு அது ஒத்துவரலாம். உங்கள் 24 பைசாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள், ரேட் கார்டின் 20 பைசாவை வைத்து வேண்டாம்.

படி 8: கட்டியவர் பட்டியலோடு சேர்த்துப் பாருங்கள்

பதினோராம் தேதி வசூல் லெட்ஜரை எடுத்து, போன் எண்ணை வைத்து ரிப்போர்ட்டோடு இணையுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. "மெசேஜ் சேர்ந்தவர்கள் அதிகம் கட்டியிருக்கிறார்கள், எனவே மெசேஜ்தான் கட்ட வைத்தது" என்று சொல்லத் தோன்றும். போன் செத்தவர் ஊரை விட்டே போயிருக்கலாம், மெசேஜ் சேர்ந்திருந்தாலும் கட்டியிருக்க மாட்டார். நியாயமாகப் பார்க்க வேண்டுமானால், சீட்டு எண் ஒற்றைப்படையில் வருபவர்களுக்கு 5-ஆம் தேதியும் இரட்டைப்படைக்கு 8-ஆம் தேதியும் அனுப்பி, எந்தப் பக்கம் நேரத்துக்குக் கட்டுகிறார்கள் என்று இரண்டு மூன்று மாதம் பாருங்கள்.

சேர்ந்தும் கட்டாதவர்களில் சிலரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஓர் அம்மா, மாதாமாதம் டெலிவர்ட், மாதாமாதம் தாமதம். கேட்டால் அது சென்னையில் வேலை பார்க்கும் மகன் எண். அவருக்கு மெசேஜ் வருகிறது, அம்மாவுக்குச் சொல்ல மறந்துவிடுகிறார். எந்த ரிப்போர்ட்டும் இதைக் காட்டாது. பக்கத்து வீட்டு எண்ணை அந்த அம்மாவே சம்மதித்துக் கொடுத்தார், மாற்றினோம்.

இந்த ஃபைல்கள் எல்லாம் மனிதர்களின் போன் எண்ணும் பண விவரமும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் போன்ற சிறிய கடைகளையும் விட்டுவைக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். கணக்கு முடிந்ததும் எண்ணின் நடு இலக்கங்களை மறைத்துவிட்டு, எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: எடுத்த 400 பேர்

அந்த 400 எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்ததில் காசு மிச்சம். ஆனால் அந்த 400 பேரும் சீட்டு போட்டவர்கள்தான். எண்ணை எடுத்துவிட்டோம் என்பதற்காக ஆளை விட்டுவிட முடியாது. அவர்கள் பெயரைத் தனிப் பட்டியலாக அச்செடுத்துக் கவுண்டரில் கொடுத்திருக்கிறோம். சேரும்போது எழுதிக் கொடுத்த இரண்டாவது எண்ணுக்கு, இல்லையென்றால் சிபாரிசு செய்த உறவினருக்கு, கவுண்டர் பெண் நாளுக்கு இருபது பேர் வீதம் போன் செய்கிறார். புது எண் கிடைத்தால் சீட்டு அட்டையிலும் கணினியிலும் அன்றே மாற்றி, சோதனை மெசேஜ் ஒன்று அனுப்பி, "வந்துதாம்மா?" என்று கேட்ட பிறகுதான் போனை வைக்கிறார்.